பவுனம்மாளின் வாக்குத்தத்தம்

மார்க்கிரட் தன் ஐம்பத்திரண்டு வயதுவரை அடுத்தவர் பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டவள் இல்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபையின் மாதர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகத் தலைவியாக இருப்பவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அப்பேர்ப்பட்டவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டின் முதல் நாள் காலையில், ஆலய வாசலில், அத்தனை பேர் கண்முன்னாலும் திருடினாள். திருடியது உள்ளங்கையளவு அட்டை ஒன்று.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனை முடிகிற நேரத்தில், வெள்ளைத் துணி மூடிய பித்தளைத் தட்டு ஒன்று வரிசை வரிசையாக வரும். துணிக்கடியில் கையை விட்டு ஆளுக்கொரு அட்டை எடுக்க வேண்டும். அட்டையில் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம் எழுதியிருக்கும். அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் உனக்கென்று கொடுத்த வார்த்தை அதுதான். பிடித்தாலும் அதுதான், பிடிக்காவிட்டாலும் அதுதான். "இது லாட்டரிச் சீட்டு இல்ல" என்று போதகர் வருடா வருடம் சொல்வார். சனங்களும் வருடா வருடம் லாட்டரிச் சீட்டைப் பார்க்கிற முகத்தோடுதான் அட்டையைத் திருப்புவார்கள்.

அட்டைகளைத் தயாரிப்பது மாதர் சங்கம். வந்து சேர்ந்த பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை வெட்டி, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் மையால் வசனம் எழுதுவார்கள். ஆகவே ஒவ்வொரு வசனத்தின் முதுகிலும் ஏதோ ஒரு படத்தின் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நட்சத்திரத்தில் பாதி, ஒட்டகத்தின் கழுத்து, மேய்ப்பனின் ஒரு கால் என்று. மார்க்கிரட்டின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பெரும்பாலானவற்றை அவள்தான் எழுதுவாள்.

அந்த டிசம்பரிலும் அவள்தான் எழுதினாள். ஆனால் மனம் ஆஸ்பத்திரியில் இருந்தது. அவள் கணவர் சாமுவேல் கனகசபை, ரயில்வேயில் பெரிய குமாஸ்தா, மாதத்தின் இரண்டாவது வாரத்தில் அலுவலக மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அன்றிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டாக்டர் நல்ல ஆங்கிலத்தில், மெதுவாக, ஒன்றுமே சொல்லாமல் பேசினார். அப்படிப் பேசுகிற டாக்டர் எதை மறைக்கிறார் என்று மார்க்கிரட்டுக்குத் தெரியும்.

அவளுக்குப் பயம். வெளியே சொல்லவும் வழியில்லை. அடுத்தவர் வீட்டில் சாவு என்றாலும் சீக்கு என்றாலும் முதலில் போய் நின்று, பொருத்தமான வசனத்தை எடுத்து நீட்டுகிறவள் அவள். எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படக் கூடாது, விசுவாசம் வேணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்கே தேவை வந்தபோது ஒரு வசனமும் நாக்கில் நிற்கவில்லை.

எழுதிக்கொண்டு வருகையில் ஒரு வாக்குத்தத்தம் வந்தது. நீ சாகமாட்டாய், பிழைத்திருப்பாய் என்று பொருள்படும் வார்த்தை. மார்க்கிரட் அதை மட்டும் மெதுவாக, மை சிந்தாமல், மற்றவற்றைவிட அழகாக எழுதினாள். இந்த அட்டையின் ஒரு மூலையைக் கொஞ்சம் நறுக்கி வைத்தால் துணிக்கடியில் விரலுக்குத் தட்டுப்படுமே என்று ஒரு எண்ணம் வந்தது. சீ என்று தன்னையே திட்டி, அந்த எண்ணத்துக்காக முழங்காலில் நின்று மன்னிப்பும் கேட்டாள். கேட்டபிறகு, சோதனையை ஜெயித்துவிட்டோம் என்று சின்னதாக ஒரு பெருமை.

புத்தாண்டுக் காலையில் தட்டு அவளிடம் வந்தது. கையை விட்டுத் துழாவினாள். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், ஆறுகள் உன்மேல் புரளாது என்றிருந்தது. இதுவும் அவள் எழுதியதுதான், கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் மேல்தான். கூட இருக்கிறேன் என்று யார் கேட்டார்கள்? புருஷனின் உயிர் அல்லவா கேட்டாள்.

அட்டையைக் கையில் கசங்கப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் பவுனம்மாள் எதிரே வந்தாள்.

பவுனம்மாள் சபைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஆற்றோரப் பலகை வீடுகளில் இருப்பவள். பந்திங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்து, லோரி ஓட்டும் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தவள். வேலாயுதம் முருகனை விடவில்லை. "நீ ஒன் சாமியக் கும்பிடு, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுரு" என்று சொல்லிவிட்டான். பவுனம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டெல்லாம் காதால் கேட்டே பாடம் பண்ணிவிடுவாள். மார்க்கிரட் உட்பட மாதர் சங்கத்து யாழ்ப்பாணத்து அம்மாக்கள் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிற வேலை மட்டும் எப்படியோ ஒவ்வொரு முறையும் அவளிடமே போய்ச் சேர்ந்தது. மார்க்கிரட் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அக்கா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்," என்று பவுனம்மாள் தன் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். "இந்த வருசம் எனக்கு என்னா வந்திருக்குன்னு பாப்போம்."

மார்க்கிரட் வாங்கிப் பார்த்தாள். அதே வார்த்தை. மற்றவற்றைவிட அழகாக எழுதியிருந்த, மை சிந்தாத அந்த வார்த்தை.

அப்புறம் நடந்ததை அவள் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, யோசிக்காமல் செய்ததாகவும் தெரியவில்லை. கையில் இரண்டு அட்டைகள் இருந்தன. மேலே இருந்ததைக் கீழே தள்ள ஒரு கட்டைவிரல் போதும். தன் அட்டையை மேலே கொண்டுவந்தாள். தண்ணீரும் ஆறும் உள்ளதைத் தெளிவான குரலில் படித்தாள். படித்ததையே பவுனம்மாளிடம் கொடுத்தாள்.

பவுனம்மாள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணிக்கொண்டாள். அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மார்க்கிரட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல வாக்குக்கா," என்றாள். "எங்க வீடு ஆத்தோரம்தானே." சிரித்துக்கொண்டே அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "அங்கிள் சீக்கிரம் வந்துருவாருக்கா. நான் டெய்லி ஜெபம் பண்றேன்."

அன்று மாலையே அட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கனகசபை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நல்ல வசனம். உமக்கு விழுந்ததோ?"

"ஓம்," என்றாள் மார்க்கிரட். அது இரண்டாவது திருட்டு. அட்டையை அவர் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, ஆறுதல் வரும் வரும் என்று கட்டிலோரம் காத்திருந்தாள். வரவில்லை. முந்தின நாள் இருந்த பயம் அப்படியே இருந்தது. அதோடு அவர் முகத்தைப் பார்க்க முடியாத கூச்சமும் சேர்ந்துகொண்டது.

மழை புத்தாண்டுக்கு முன்னமே பிடித்துவிட்டிருந்தது. வருடம் பிறந்தும் அது விடவில்லை. திங்கட்கிழமை காலை கிள்ளான் ஆறு கரையைத் தாண்டிவிட்டது என்றார்கள். பிரிக்பீல்ட்ஸுக்கு வெள்ளம் புதிதில்லை, முற்றம் வரை வந்துவிட்டுப் போய்விடும். மார்க்கிரட் பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்தாள், அரிசி டின்னை அலமாரியில் ஏற்றினாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி வைத்தாள். கஞ்சி கொதிப்பதற்குள் அடுப்படியில் கணுக்கால் தண்ணீர் நின்றது. பதினோரு மணிக்கு முழங்கால். ரயில்வே குவார்ட்டர்ஸில் மற்ற வீட்டுக்காரர்கள் எப்போது கிளம்பினார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மகள் ஈப்போவில். கதவைத் திறந்து பார்த்தால் தெருவே இல்லை. பழுப்புத் தண்ணீர் ஒரு கோழிக்கூண்டை இழுத்துக்கொண்டு போனது.

நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு மார்க்கிரட் அழுதாள். ஜெபம் பண்ணலாம் என்றால், என்ன முகத்தோடு பண்ணுவது? வாய் திறந்தால் அந்த அட்டைதான் முன்னால் வந்து நின்றது.

"அக்கா!"

பவுனம்மாள்தான். இடுப்புத் தண்ணீரில், ஒரு நீள மூங்கிலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். முக்காடாக ஒரு பிளாஸ்டிக் மேசை விரிப்பு.

"நீ எப்பிடி இங்க வந்தே?"

"நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான். எறங்குங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்து மாடிக்கு எல்லாரும் போறாங்க."

"உன் வீடு?"

"அது காலையிலயே போயிருச்சுக்கா," என்றாள், பஸ் போய்விட்டது என்கிற மாதிரி. "அவரு லோரி எடுத்துக்கிட்டு விடியக்காலம் பந்திங் போனாரு. அங்கெல்லாம் தண்ணி இருக்காதுலா."

தெருவுக்கு இறங்கியதும் தண்ணீர் மார்க்கிரட்டின் நெஞ்சுக்கு வந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. கால் வைக்கிற இடம் தெரியவில்லை. கால்வாய் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் புரியவில்லை. பவுனம்மாள் ஒரு கையால் மூங்கிலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கோப்பை கழுவிக் கழுவிக் காய்த்துப்போன கை. நடுத்தெருவில் ஓரிடத்தில் இழுப்பு பலமாக இருந்தது. மார்க்கிரட் நின்றுவிட்டாள்.

"என்னால ஏலாது, பவுனம்மா. நீ போ."

"சொல்லுங்கக்கா," என்றாள் பவுனம்மாள்.

"என்னத்தை?"

"நீங்க படிச்சுக் குடுத்ததத்தான். தண்ணியக் கடக்கும்போது நான் ஒங்கூட இருப்பேன். சொல்லுங்க. சொல்லிக்கிட்டே கால எடுத்து வைங்க."

மார்க்கிரட்டின் பல் கிட்டித்தது. பவுனம்மாள் விடவில்லை. சந்தையில் மீன் விற்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். ஆறு ஒம்மேல பொரளாது, சொல்லுங்க. கடைசியில் மார்க்கிரட்டும் சொன்னாள். சொல்லிச் சொல்லி ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு மற்றக் காலை. அந்தப் பயத்தின் நடுவிலும் அந்த வார்த்தை அவளுக்குத் தெம்பு கொடுத்தது. இத்தனை நாள் வராத ஆறுதல், தனக்கென்று வந்து தானே தள்ளிவிட்ட வார்த்தையிலிருந்து, தான் யாரிடம் திருடினாளோ அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. மேட்டில் ஏறியதும் அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வெள்ளத்துத் தண்ணியக் குடிச்சிட்டாங்க போல என்று யாரோ சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்து மாடியில் இருநூறு பேராவது இருந்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள அத்தனை சாமிகளையும் அத்தனை பாஷையிலும் கூப்பிட்டாயிற்று. பவுனம்மாள் மட்டும் கூப்பிட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டவள்போல நடமாடினாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டாள். நடுங்கிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பாட்டியின் கையைத் தேய்த்துவிட்டு, "துஹான் அடா லா, மக்சிக்," என்றாள், ஆண்டவர் இருக்கிறார் என்று. யாராவது பக்கத்தில் வந்து அழுதால் ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, அந்த வாக்கைச் சொல்வாள். "மார்க்கிரட் அக்காதான் படிச்சுக் குடுத்தாங்க," என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வாள். அவர்கள் மார்க்கிரட்டை மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார்கள். மார்க்கிரட் சுவரைப் பார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் தங்கமணி டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பந்திங் ரோட்டுல ஒரு லோரிய தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருச்சாம்," என்றான். "ஆளக் காணோமாம்." அப்புறம்தான் பவுனம்மாள் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "எத்தனையோ லோரி ஓடுதுலா, அக்கா."

பவுனம்மாள் அட்டையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அன்று முழுவதும் மார்க்கிரட் அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை. அட்டை என்ன, வெறும் காகிதம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். படித்தவள், மூட நம்பிக்கை இல்லாதவள், ஜாதகம் பார்க்கிறவர்களைக் கண்டித்தவள். ஆனால் வெறும் காகிதம் என்றால் அதை எதற்குத் திருடினாள்? வெறும் காகிதம் இல்லை என்றால், சாகமாட்டாய் என்று அந்த வீட்டுக்கு வந்த வாக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன் புருஷன் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லை. வேலாயுதம் செத்திருந்தால் அவனைக் கொன்றது நான்தான் என்று அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறது.

செய்தி எதுவும் வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவன் பிழைத்து வந்தபிறகு சொன்னால் அது சொன்னதாகாது. செத்தபிறகு சொல்ல அவளால் முடியாது.

புதன்கிழமை காலை, படகில் வந்த ரொட்டிக்கு வரிசை நின்றது. பவுனம்மாள் தனக்கும் மார்க்கிரட்டுக்கும் சேர்த்து வாங்கி வந்து, பெரிய துண்டை இவளிடம் நீட்டினாள். மார்க்கிரட் வாங்கவில்லை.

"பவுனம்மா, அது உன் அட்டை இல்லை."

"எது அக்கா?"

"நீ வச்சிருக்கிறது. அது எனக்கு வந்தது. நீ எடுத்தது வேற. நான் மாத்திட்டேன். என்னுடையதைப் படிச்சு உன்னட்டத் தந்திட்டு, உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். தெரிஞ்சுதான் செய்தேன்."

பவுனம்மாள் ரொட்டியைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"தெரியும்க்கா," என்றாள்.

மார்க்கிரட்டுக்கு விளங்கவில்லை.

"எனக்கு எழுத்துத்தானே தெரியாது. படம் தெரியும்லா? நான் எடுத்ததுல பின்னால ஆட்டுக்குட்டி இருந்துச்சு. நீங்க குடுத்ததுல மணி இருந்துச்சு." ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். வெள்ளத்தில் நனைந்து உப்பியிருந்தாலும் சிவப்பு ரிப்பன் கட்டிய மணி நன்றாகத் தெரிந்தது.

ஆலய வாசலில் பவுனம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், பிறகு தன் முகத்தைப் பார்த்ததும் மார்க்கிரட்டின் நினைவுக்கு வந்தன. நின்ற இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அப்ப ஏன் நீ ஒன்றும் கேட்கேல்ல?"

"எப்பிடிக்கா கேக்கறது? அத்தன பேரு நிக்கிறாங்க, நீங்க தலைவி." பவுனம்மாள் கொஞ்ச நேரம் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல கோவந்தான் வந்துச்சு. படிக்கத் தெரியாதவள்னா என்னா வேணாலும் செய்யலாமான்னு. அப்புறம் அங்கிள் ஆஸ்பத்திரியில இருக்காரே, ஏதோ நல்லதா எழுதியிருக்கும் போல, அக்காவுக்கு வேணும் போலன்னு நெனச்சேன். வீட்டுக்கு நடக்கிற வழியிலயே சொல்லிட்டேன், ஆண்டவரே, அத நானா அக்காவுக்குக் குடுத்ததா வச்சுக்குங்கன்னு. இல்லாட்டி ஒங்க பேருல திருட்டுன்னு நிக்கும்ல."

மார்க்கிரட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அதுல என்னாக்கா எழுதியிருந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று மார்க்கிரட் நினைத்திருக்கவில்லை. பொய் சொல்லலாம். ஏதாவது ஒரு சாதாரண வசனத்தைச் சொல்லிவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது? அந்த எண்ணம் அப்போதும் ஒரு முறை எட்டிப் பார்த்தது, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கமாக இருந்தது.

"நீ சாகமாட்டாய், பிழைச்சிருப்பாய் எண்டு," என்றாள்.

பவுனம்மாளின் முகம் மாறியது. கொடுத்தது இன்னதென்று தெரியாமல் கொடுத்திருந்தாள், இப்போது தெரிந்துவிட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே கூரைகள் மட்டும் தெரிந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முதுகைக் காட்டி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. மார்க்கிரட் பக்கத்தில் போகவில்லை.

திரும்பி வந்தபோது பவுனம்மாளின் கண் சிவந்திருந்தது. பெஞ்சில் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

"அது அங்கிள் தலமாட்டுலயே இருக்கட்டும்," என்றாள். "குடுத்தேன்னு சொன்னது சொன்னதுதான்." பிறகு மணி படம் போட்ட அட்டையை நீட்டினாள். "இத இன்னொருக்கா படிங்க. சரியாப் படிங்க."

வெள்ளத்தில் மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டிருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. மார்க்கிரட் அதைச் சொன்னாள்.

"எழுத்து அழிஞ்சு போச்சு, பவுனம்மா. ஆனா எழுதினது நான்தான், எனக்குத் தெரியும். நான் அன்றைக்குப் படிச்சது இதில் இருந்ததைத்தான். நீ நம்பினால் சொல்லுறேன்."

பவுனம்மாள் அட்டையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

மார்க்கிரட் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, தண்ணீரையும் ஆற்றையும் கூட இருப்பேன் என்பதையும் சொன்னாள். பவுனம்மாள் அழிந்துபோன வரிகளின் மேல் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் சாகவில்லை. பந்திங் ரோட்டில் லோரியை மேட்டில் விட்டுவிட்டு, கடைசிப் பத்து மைலை ரயில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, வியாழக்கிழமை மத்தியானம் கழுத்துவரை சேறோடு வந்து சேர்ந்தான். பவுனம்மாள் அவனைக் கண்டபடி திட்டினாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். மார்க்கிரட் தள்ளி நின்று பார்த்தாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், அதைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

வழி திறந்ததும் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கனகசபை இருந்தார். நடந்த எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் தலையணைக்கடியிலிருந்து அட்டையை எடுத்து, திருப்பி, ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை தந்ததெண்டால் நான் வைச்சிருக்கிறன்," என்றார். "நீர் தந்ததெண்டால் எனக்கு வேண்டாம்."

"அவள் தந்ததுதான்," என்றாள் மார்க்கிரட்.

அதற்குப் பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். ஆகஸ்டில் ஒரு மாலை நேரம், வீட்டுக் கட்டிலில் போய்விட்டார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்தே அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டில் கூட்டம் கலைந்தபிறகு பவுனம்மாள் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் மார்க்கிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகும்போது மட்டும், "தண்ணியக் கடக்கும்போதுன்னுதான் இருக்குதுக்கா, தண்ணியே வராதுன்னு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்காக மார்க்கிரட் அப்போதுதான் அழுதாள்.

மாதர் சங்கத்துத் தலைமையை அவள் வெள்ளத்தோடேயே விட்டிருந்தாள். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னாள். அட்டை எழுதவும் போகவில்லை. தேநீர் வேளையில் பவுனம்மாளோடு நின்று கோப்பை கழுவினாள். அதை யாராவது புகழ்ந்தால் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த புத்தாண்டுக் காலையில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொண்டு விட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம். யாரோ பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பவுனம்மாள்.

தட்டு வந்தது. பவுனம்மாள் துணிக்கடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கமும் பார்க்கவில்லை. படம் என்ன என்று திருப்பவும் இல்லை. எடுத்த கையோடு மார்க்கிரட்டிடம் நீட்டினாள்.

"படிச்சுச் சொல்லுங்கக்கா."

மார்க்கிரட் வாங்கவில்லை. "முதலில் படத்தைப் பார்," என்றாள். "என்ன படம் எண்டு பார்த்து வச்சுக்கொள்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் பவுனம்மாள். "படிங்க."

மார்க்கிரட் வாங்கினாள். கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு, வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்த அந்த வரியை, வேதத்தின் அதிகார எண்ணும் வசன எண்ணும் உட்பட, ஒரு எழுத்தும் விடாமல் படித்தாள்.